பார்க்காமல் போட்ட கையெழுத்து

கேள்வி:

டாக்டர், நான் அறுவைச் சிகிச்சை வார்டில் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வார்டில் என்னைவிட இளையவள் ஒருத்தி இருக்கிறாள். "அக்கா, அக்கா" என்று என்னையே சுற்றி வருவாள். வேலையில் கெட்டிக்காரி. போன வருடம் ஒரு நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வலி மாத்திரையும் கையுமாக இருந்தாள். இப்போது கொஞ்ச நாளாக அவளிடம் ஏதோ சரியில்லை. வலி ஊசி போட்டபின் மீந்த மருந்தைக் கொட்டும்போது யாரையும் பக்கத்தில் இருக்க விடுவதில்லை. "கொட்டிட்டேன் அக்கா, சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுங்க" என்பாள். நானும் நம்பிப் போட்டிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. போன வாரம் அவள் நைட் டியூட்டி முடித்துப் போனபின் ஒரு பெரியவர், "ராத்திரி பூரா வலியில துடிச்சேம்மா, ஊசி கேக்கவே இல்ல" என்று அழுதார். கேஸ் ஷீட்டில் மூன்று முறை மார்ஃபின் போட்டதாக எழுதியிருக்கிறது. அவளிடம் கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டாள். சின்னக் குழந்தையோடு தனியாக இருப்பவள். மேலே சொன்னால் வேலையும் போகும், நர்ஸிங் பதிவும் போகும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் போகிறது. இது உண்மைதானா என்று எப்படி உறுதிப்படுத்துவது? உண்மை என்றால் அவளை எப்படிக் காப்பாற்றுவது?

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் இரண்டு கேள்விகளில் முதலாவதை இப்போதே கீழே வைத்துவிடுங்கள். உண்மைதானா என்று உறுதிப்படுத்துவது உங்கள் வேலை அல்ல. ஒரு நோயாளி இரவு முழுக்க வலியில் துடித்திருக்கிறார். அதே இரவில் அவருக்கு மூன்று முறை ஊசி போட்டதாகப் பதிவு இருக்கிறது. மீந்த மருந்தைக் கொட்டியதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. மேலே போய்ச் சொல்வதற்கு இந்த மூன்றும் போதும். "அவள் மருந்து எடுத்துக்கொள்கிறாள்" என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். அது உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த இந்த மூன்றை மட்டும் இன்சார்ஜ் சிஸ்டரிடமோ நர்ஸிங் சூப்பரிண்டெண்டென்டிடமோ சொல்லுங்கள். உங்கள் தோழி அடுத்த முறை மருந்து அலமாரிச் சாவியை வாங்குவதற்குள் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு அவசரமாகச் சொல்வதற்குக் காரணம், உங்களைப் போன்ற நல்லவர்கள் பெரும்பாலும் செய்வது வேறு என்பதுதான். இன்னும் ஒரு வாரம் கவனிக்கலாம் என்பார்கள். கழிவறை வாசலில் காத்திருப்பார்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். வேண்டுமென்றே ஓர் ஆம்ப்யூலை, அதாவது ஊசி மருந்துக் குப்பியை, மேஜையில் விட்டுவிட்டுப் போய் ஒளிந்து நின்று பார்ப்பவர்களும் உண்டு. கையும் களவுமாகப் பிடித்தால்தான் நியாயம் என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் எத்தனை நோயாளிகள் வலியோடு படுத்திருப்பார்கள், அவர் கழிவறைக்குள் ஊசியோடு மயங்கிக் கிடக்கும் ராத்திரி அந்த வாரத்திலேயே வந்துவிடாதா என்பதையெல்லாம் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் சந்தேகம் தப்பு என்று தெரிந்தாலும் வேவு பார்த்த உறவு பழையபடி ஒட்டாது.

பார்த்ததை எழுதி வையுங்கள். தேதி, நேரம், படுக்கை எண், மருத்துவர் எழுதிய அளவு, பதிவான அளவு, நோயாளி சொன்ன வார்த்தை, இவ்வளவுதான். "போதையில் இருந்தாள்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "காலை 5 மணிக்கு ரிப்போர்ட் எழுதும்போது இரண்டு முறை தூங்கி விழுந்தார், கூப்பிட்டதும் விழித்தார், பேச்சு குழறியது" என்று எழுதினால் அது நீங்கள் கண்டது. நாளைக்கு விசாரணை என்று வந்தால் அவரையும் உங்களையும் காப்பது இரண்டாவது வகை எழுத்துதான்.

வேறு வார்டுகளில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அடையாளங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆளைப் பார்த்து இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். மருந்துக்கு அடிமையான செவிலியர் தள்ளாடிக்கொண்டு வரமாட்டார். பல மாதங்கள் வரை வார்டிலேயே சுறுசுறுப்பானவராக அவர்தான் இருப்பார். மது என்றால் லீவு கூடும். வார விடுமுறை முடிந்த மறுநாள் வரமாட்டார், தாமதமாக வருவார், வாயில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும், காலையில் கை நடுங்கும். மருத்துவமனை மருந்தே போதையாகிவிட்டால் இது தலைகீழாகும். மருந்து இருக்கும் இடத்தைவிட்டு அவரால் விலகி இருக்க முடியாது. அதனால் லீவே எடுக்கமாட்டார். ஓவர்டைம் கேட்டு வாங்குவார், அடுத்தவர் நைட் டியூட்டியைத் தானாக முன்வந்து ஏற்பார், விடுமுறை நாளிலும் "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வார்டில் தலைகாட்டுவார். நிர்வாகம் இவரைத்தான் சிறந்த பணியாளர் என்று பாராட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் ஆளை விடுங்கள், பதிவேட்டைப் பாருங்கள். 10 மில்லிகிராம் ஆம்ப்யூலில் 4 மில்லிகிராம் போடச் சொல்லியிருந்தால் மீதி 6 மில்லிகிராமை இன்னொருவர் பார்க்கக் கொட்ட வேண்டும். அந்தச் சாட்சிக் கையெழுத்துகள் ஒரே ஆளின் டியூட்டியில் மட்டும் விடுபடுகின்றனவா, எல்லாம் ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக ஒரே மையில் வாங்கப்படுகின்றனவா? சின்ன அளவு ஆம்ப்யூல் கையிருப்பில் இருக்கும்போதே பெரிய அளவு ஆம்ப்யூல் எடுக்கப்படுகிறதா? "உடைந்துவிட்டது", "சிந்திவிட்டது" என்ற குறிப்புகள் ஒரே பெயரில் குவிகின்றனவா? "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று எழுதிய வலி மருந்து மற்ற ஷிஃப்டில் ஒரு முறையும் இவர் ஷிஃப்டில் அனுமதித்த உச்ச அளவு முழுவதும் போகிறதா? நோயாளி ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரத்திலோ டிஸ்சார்ஜ் ஆன பிறகோ அவர் பெயரில் ஊசி எடுத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று மட்டும் என்றால் கவனக்குறைவாக இருக்கலாம். ஒரே ஆளைச் சுற்றி நான்கைந்து சேர்ந்தால் மருந்தகம் தணிக்கை செய்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி நோயாளியின் வலி. குறிப்பிட்ட ஒருவர் டியூட்டியில் மட்டும் அறுவை முடிந்தவர்கள் புலம்புகிறார்கள், கேஸ் ஷீட்டிலோ முழு டோஸ் போட்டதாக இருக்கிறது என்றால், வார்டில் இதைவிட உரக்கக் கேட்கும் எச்சரிக்கை கிடையாது. அந்தப் பெரியவர் சொன்னதை நீங்கள் காதில் வாங்கியது பெரிய விஷயம். "வயசானவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்று பலர் தாண்டிப் போயிருப்பார்கள்.

உடல் அடையாளங்களும் உண்டு. மார்ஃபின், பெத்திடின், ஃபெண்டானில் போன்ற ஓபியாய்டு மருந்துகள், அதாவது அபின் வகை வலி மருந்துகள், உள்ளே போனால் கண்ணின் கருமணி சுருங்கும், குரல் தணியும், மூக்கையும் முகத்தையும் சொறிவார்கள். பெத்திடினில் மட்டும் கருமணி அவ்வளவு சுருங்காமல் இருக்கலாம். மருந்து இறங்கும்போது நேர் எதிர்: கருமணி விரியும், கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றோட்டம், எரிச்சல். ஷிஃப்ட் தொடக்கத்தில் சளிப் பிடித்தவர் போல வந்தவர் ஒரு மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்திருந்தால் கவனியுங்கள். புழுக்கத்திலும் கழற்றாத முழுக்கைச் சட்டை, அடிக்கடி நீளும் கழிவறைப் போக்கு, தூக்கம் தரும் மிடாசோலம் அல்லது டயாஸிபாம் என்றால் நேற்றுப் பேசியதே ஞாபகம் இல்லாத மறதி என்று பட்டியல் நீளும்.

ஆனால் இந்த உடல் அடையாளங்களை வைத்து மட்டும் யார்மேலும் பழி போடாதீர்கள். தொடர் நைட் டியூட்டியும் இதே முகத்தைத் தரும். மனச்சோர்வு தரும், தைராய்டு தரும், சர்க்கரை குறைந்தால் தரும். முழுக்கைச் சட்டைக்குள் இருப்பது ஊசித் தழும்பாக இல்லாமல் வீட்டில் வாங்கிய அடியாகவும் இருக்கலாம். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தோழி எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. முதுகு. நோயாளிகளைத் தூக்கியே முதுகு போவது இந்தத் தொழிலின் பழைய சாபம். வலிக்கு டிரமடால் மாதிரி ஒன்றைத் தொடங்குகிறார்கள். அது உடல் வலியோடு சேர்த்து மனதின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. இரவில் விழித்து, பகலில் தூங்க முடியாமல், கண்முன் சாவுகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கிற உடலுக்கு அது ஒரு விடுமுறை மாதிரி இருக்கிறது. அப்புறம் மாத்திரை போதாமல் போகிறது. வேறு தொழிலில் இருப்பவர் அந்த இடத்தில் மருந்து கிடைக்காமல் நிற்பார். செவிலியர் கையில் சாவி இருக்கிறது. அதோடு "எனக்கு டோஸ் தெரியும், என்னால் கட்டுப்படுத்த முடியும்" என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அறிவு இந்த நோய்க்குத் தடுப்பூசி அல்ல. மருத்துவர்களும் செவிலியர்களும் மற்ற மக்களைவிட இதற்குக் குறைவாக ஆளாகிறார்கள் என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை.

அறுவை அரங்குக்கு ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தவர் என்று நர்ஸிங் படிப்பில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கிருமிநாசினியால் கை புண்ணான ஒரு செவிலியருக்காக அவர் செய்யச் சொன்ன கையுறை அது. 1884-ல் கொக்கைன் உணர்வகற்றும் மருந்தாக அறிமுகமானபோது தன் உடலிலேயே அதைச் சோதித்து அடிமையானார். அதற்கு அளித்த சிகிச்சையில் மார்ஃபினுக்கு அடிமையானார். 1922-ல் இறக்கும் வரை அதிலிருந்து முழுக்க மீண்டதாகத் தெரியவில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஆஸ்லருக்கு விஷயம் தெரியும். அவர் எழுதி வைத்த இரகசியக் குறிப்பு 1969-ல்தான் வெளியானது. இதைப் பெரிய நட்பு என்று சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹால்ஸ்டெட் நீண்ட நாட்கள் காணாமல் போவார், அறுவைகளைப் பயிற்சி மருத்துவர்களிடம் விட்டுவிடுவார். அந்தக் காலத்தில் அவருக்குக் கொடுக்க உருப்படியான சிகிச்சை இல்லை என்பது மட்டுமே நண்பர்களின் மௌனத்துக்கு நான் ஒப்புக்கொள்ளும் சமாதானம். இன்று அந்தச் சமாதானமும் கிடையாது.

அடுத்து, நீங்கள் கேட்காத ஆனால் மனதில் ஓடும் கேள்வி: "முதலில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கட்டுமா?"

வார்டு மருந்து சம்பந்தப்படாத விஷயம் என்றால் தாராளமாகப் பேசுங்கள் என்றிருப்பேன். வீட்டில் குடிக்கிறார், தூக்க மாத்திரை கூடிவிட்டது, ஆனால் வேலையில் இன்னும் கோளாறு இல்லை என்றால் ஒரு தோழியின் நேரான பேச்சு பலரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் விஷயம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நோயாளியின் மருந்து காணாமல் போகிறது என்ற சந்தேகத்தோடு நீங்கள் தனியாகப் போய் நின்றால், அவர் அழுவார், குழந்தைமேல் சத்தியம் செய்வார், "இன்னையோட விட்டுடறேன் அக்கா" என்பார். அதைச் சொல்லும் நிமிடத்தில் அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நினைப்பார். குறுகிய நேரம் வேலை செய்யும் ஓபியாய்டு என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 8 முதல் 12 மணி நேரத்தில் உடல் முறுக்க ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அந்த வேதனையில் சத்தியம் நிற்காது. மறுபடி எடுப்பார், இந்த முறை உங்களிடமும் மறைப்பார். நீங்களோ இரகசியத்தில் பங்காளி ஆகிவிடுவீர்கள்.

இன்னொரு பயம்தான் எனக்கு இதைவிடப் பெரியது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்த பிறகான முதல் சில மணி நேரங்களும் நாட்களும் தற்கொலை ஆபத்து மிகுந்தவை. எவ்வளவு மருந்தில் உயிர் போகும் என்பது தெரிந்த கைகள் அவை. யாரோ ஒருவர் கோபத்தில் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, "போ, நாளைக்கு வா, பேசிக்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பி, அந்த நாளை வராமலே போவது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த துயரம்.

ஆகவே அந்தப் பேச்சை ஏற்பாடு செய்ய வேண்டியது நிர்வாகம். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கும் பல இடங்களில் தெரியாது. இந்தப் பகுதியை அப்படியே சூப்பரிண்டெண்டென்டிடம் காட்டுங்கள். பேசுவதற்கு முன்பே சிகிச்சை மையத்தில் அன்றைக்கே சேர்க்க இடம் உறுதியாகியிருக்க வேண்டும். பேச்சு வார்டில் நடக்கக்கூடாது, போனில் நடக்கக்கூடாது, டியூட்டி முடிந்து களைத்துக் கிளம்பும் நேரத்தில் நடக்கக்கூடாது. குறைந்தது இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் மனநலமோ போதை சிகிச்சையோ தெரிந்தவர். ஐந்தாறு பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்தால் அது விசாரணைக் கமிஷன் ஆகிவிடும். பதிவேட்டு உண்மைகளைக் காட்டட்டும், ஒப்புக்கொள்ளும்படி அதட்ட வேண்டாம். ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் அந்த நிமிடம் முதல் நோயாளிப் பணியிலிருந்து விலக்கு, அன்றே சிறுநீர்ப் பரிசோதனை, அன்றே மருத்துவ மதிப்பீடு. அவர் தானாக வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக வீடு போகக்கூடாது. கூட ஒருவர் போக வேண்டும், மூன்று நாளாவது கூட ஒருவர் இருக்க வேண்டும். வீட்டில் மருந்து வைத்திருந்தால் அதை அப்புறப்படுத்த வேண்டும்.

அவர் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? இதற்கு விடை இல்லாமல் அந்தப் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒரு தாய் சிகிச்சைக்கு "முடியாது" என்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். தோழியாக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவியும் இங்கேதான் இருக்கிறது. அவர் அம்மாவோ அக்காவோ வந்து சேரும்வரை குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டியே சூப்பரிண்டெண்டென்டிடம் சொல்லி வையுங்கள்.

பரிசோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல மருத்துவமனைகளில் செய்யும் சாதாரண ஓபியேட் சிறுநீர்ப் பரிசோதனை மார்ஃபின், கோடீன் வகையைத்தான் பிடிக்கும். ஃபெண்டானிலுக்கும் டிரமடாலுக்கும் தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். "ரிசல்ட் நெகட்டிவ், பாவம் அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டோமே" என்று அவசரப்பட்டு கோப்பை மூடிவிடாதீர்கள்.

அதுவரைக்கும் வார்டில் ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நாலாக்ஸோன் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது பூட்டிய கழிவறையில் மூச்சுக் குறைந்து, உதடு நீலமாகி, கருமணி ஊசிமுனையாகக் கிடந்தால் முதலில் மூச்சுக்கு உதவுங்கள், கூடவே நாலாக்ஸோன். அது அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும், உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதற்கு மேலும் நிற்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கண்ணை எடுத்துவிடக்கூடாது.

சிகிச்சைக்கு வருவோம். சில நாள் படுக்கவைத்து உடலிலிருந்து மருந்தை இறக்கி அனுப்புவதைச் சிகிச்சை என்று எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓபியாய்டு விஷயத்தில் அது மட்டும் செய்வது ஆபத்து. சில வாரம் எடுக்காமல் இருந்தால் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பிறகு ஒரு நாள் தடுமாறிப் பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின், மெதடோன் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உடல் முழுதும் தெளிந்த பிறகு நால்ட்ரெக்ஸோன் கொடுப்பது இன்னொரு வழி, ஓபியாய்டு போட்டாலும் போதை ஏறாது. எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். "ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்று வார்டில் யாராவது கேட்டால், பிரஷருக்கு வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களிடம் அப்படிக் கேட்பார்களா என்று திருப்பிக் கேளுங்கள். முதுகு வலியையும் மனச்சோர்வையும் சேர்த்துப் பார்க்காத சிகிச்சை பாதியில் நிற்கும்.

மதுவோ டயாஸிபாம் வகை மாத்திரையோ என்றால் எச்சரிக்கை வேறு. "நாளையிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதே" என்று யாரும் கட்டளை போடக்கூடாது. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளில் சித்தப்பிரமை வந்து உயிரே போகலாம். அது மருத்துவர் கண்காணிப்பில், தயாமின் (வைட்டமின் பி1) ஊசியோடு, படிப்படியாக நடக்க வேண்டியது.

இனி உங்களைத் தூங்க விடாத விஷயம்: வேலை போய்விடுமா, பதிவு போய்விடுமா? போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. விதிகள் நாட்டுக்கு நாடு, செவிலியர் பதிவைக் கவனிக்கும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். ஆனால் தண்டித்து விரட்டுவதற்குப் பதிலாகச் சிகிச்சை, கண்காணிப்பு, மறுபடி வேலை என்ற பாதை புதிதல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 1983-லேயே செவிலியர்களுக்காக அப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது, பிறகு பல மாநிலங்கள் பின்பற்றின. பலன் இருக்கிறதா என்று கேட்டால், இதேபோன்ற கண்காணிப்பில் இருந்த 904 மருத்துவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று இருக்கிறது. கண்காணிப்புக் காலத்தில் 78 சதவீதம் பேரிடம் ஒரு பரிசோதனைகூடப் பாசிட்டிவ் ஆகவில்லை. அவர்கள் மருத்துவர்கள், இழக்கப் பெரிய வேலை இருந்தவர்கள், வருடக்கணக்கில் எதிர்பாராத நாட்களில் பரிசோதிக்கப்பட்டவர்கள். அந்தத் தொடர் கண்காணிப்பு இல்லாத இடத்தில் இதே எண்ணிக்கையை எதிர்பார்க்கக்கூடாது. இருந்தாலும் "இதெல்லாம் திருந்தாத கேஸ்" என்று கேண்டீனில் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

தானாகவோ சக ஊழியர் மூலமாகவோ ஆரம்பத்திலேயே வந்தவருக்கும், நோயாளிக்குக் கேடு நேர்ந்து காவல்துறை வழியாக வந்தவருக்கும் முன்னால் இருக்கும் கதவுகள் ஒன்றல்ல. நீங்கள் இன்று சொல்வது அவருடைய வேலையைக் காப்பாற்றும் வாய்ப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

உங்கள் கையெழுத்துகளைப் பற்றி. அவற்றை நீங்களே சொல்லிவிடுங்கள், யாராவது பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடிக்கும்வரை வைத்திருக்காதீர்கள். எந்தெந்தத் தேதி என்று ஞாபகம் இருக்கிறதோ அதை எழுதுங்கள், ஞாபகம் இல்லாததை ஊகித்து நிரப்பாதீர்கள். பழைய பதிவில் திருத்தம் எதுவும் செய்துவிடாதீர்கள், அது இருக்கும் சிக்கலைப் பத்து மடங்காக்கும். கண்டிப்பு வரலாம். வேலை நெருக்கடியில் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது ஏறக்குறைய எல்லா வார்டிலும் நடக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்கள் சூப்பரிண்டெண்டென்டுக்கும் தெரியும். இரண்டு செவிலியர் நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் இரவில் சாட்சிக்கு ஆள் எங்கிருந்து வரும் என்று அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்வி அது.

அவரிடம் நீங்கள் பேச வேண்டிய நேரம் நிர்வாகம் பேசிய பிறகு வரும். மறைக்காதீர்கள். "உன்னைப் பத்திப் பயந்துதான் நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். பாப்பா என்கிட்ட இருக்கா, நல்லா சாப்பிடறா. நீ சிகிச்சையை முடிச்சிட்டு வா" என்ற அளவில் நிறுத்துங்கள். திட்டுவார், "அக்கான்னு நம்பினேனே" என்பார், சில மாதம் பேசாமலும் இருப்பார். விளக்கம் சொல்லிக்கொண்டே பின்னால் போகாதீர்கள். மீண்ட பிறகு திரும்பி வந்து பேசியவர்களையும் பார்த்திருக்கிறேன், கடைசிவரை பேசாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அவர் வேலைக்குத் திரும்பினால் சில காலம், பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ, போதை மருந்துச் சாவி அவர் கைக்கு வரக்கூடாது. நைட் டியூட்டியும் ஓவர்டைமும் வேண்டாம். இதைப் பார்த்து "அவளுக்கு மட்டும் லேசான வேலையா?" என்று முணுமுணுப்பு கிளம்பும். அவர் நோய் என்ன என்று வார்டுக்கு அறிவிக்க யாருக்கும் உரிமை இல்லை. சாவி பொறுப்பு யாருக்கு என்பதை மட்டும் இன்சார்ஜ் சொன்னால் போதும். நோயாளியைத் தூக்க ஆளோ கருவியோ இல்லாத அதே வார்டுக்கு அதே முதுகோடு அவரைத் திருப்பி அனுப்புவதும் கூடாது.

கடைசியாக, நிர்வாகம் உங்களிடம் வேறு மாதிரி பேசக்கூடும். "பெயர் கெட்டுப் போகும், ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம், நீ வாயை மூடிக்கொள்" என்பார்கள். கருணை போலத் தெரியும் இந்த வழிதான் எல்லாவற்றிலும் மோசமானது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனை டெக்னீஷியன் நோயாளிகளுக்கான ஃபெண்டானில் சிரிஞ்சைத் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சில் சலைன் நிரப்பி வைத்துவந்தார். அவருக்கு இரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் சி இருந்தது. முன்பு வேலை பார்த்த இடங்களில் பிடிபட்டும், வேலையைவிட்டு அனுப்பியதோடு நின்றதால், அடுத்தடுத்த மாநிலங்களில் புது வேலை கிடைத்துக்கொண்டே இருந்தது. 2012-ல் நியூ ஹாம்ப்ஷயர் மருத்துவமனை வழக்கில் கைதாகும்போது 40-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அந்தத் தொற்று போயிருந்தது. அடுத்த ஆண்டு 39 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. உங்கள் தோழியை அவரோடு ஒப்பிடவில்லை. சத்தமில்லாமல் அனுப்பப்படுபவர் சிகிச்சையும் கண்காணிப்பும் இல்லாமல், அதே நோயோடு, இன்னொரு மருத்துவமனையின் சாவியை வாங்குவார் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊசி கேட்கவில்லை என்ற அந்தப் பெரியவருக்கும், அந்த இரவுகளில் உங்கள் தோழி கையால் ஊசி வாங்கிய மற்றவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழு முடிவு செய்ய வேண்டும். ராஜினாமா பேச்சு எழுந்தால் இந்த ஒரு கேள்வியையும், அவரைச் சிகிச்சையில் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்ற இன்னொரு கேள்வியையும் எழுத்தில் வைத்து, மருந்தகப் பொறுப்பாளருக்கும் மருத்துவக் கண்காணிப்பாளருக்கும் கொடுங்கள். ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அங்கேயும் பதில் இல்லை என்றால் உங்கள் செவிலியர் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.